நார்மன் முடுக்கிய நட்டு

கிரெய்க் வலது கையை ஆலயக் கதவுக்குக் குறுக்கே நீட்டி எதிர்ப்பக்க நிலையைப் பிடித்துக்கொண்டான். படியேறி வந்த நார்மன் அந்தக் கைக்கு முன்னால் நின்றார். தொப்பியை ஏற்கெனவே கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"நீங்க உள்ள வர வேணாம்," என்றான் கிரெய்க்.

"பின்னாடி நிக்கிறேன் தம்பி. உக்காரக்கூட மாட்டேன்."

"நின்னாலும் வேணாம்."

நார்மன் போட்டிருந்தது பழைய கறுப்பு கோட்டு. தோளில் தொங்கியது. கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார் போல, தோல் சிவந்திருந்தது. ஆனாலும் நகக்கண்களில் கிரீஸ் கறுப்பு அப்படியே இருந்தது. அவர் கிரெய்க்கைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, உள்ளே நின்றிருந்த ஜனீனைப் பார்த்தார்.

ஜனீன் ஒரு கையால் அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மறு கையில் அன்றைய அடக்க ஆராதனைத் தாள்கள். முதல் பக்கத்தில் அப்பா தன் காரில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து அந்தத் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். அவை அடுக்காகத்தான் இருந்தன.

"பெரில்," என்றார் நார்மன், அம்மாவிடம். "ஒரு பாட்டு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்."

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நார்மன் தலையை ஆட்டினார், யாரோ கடையில் சரக்கு இல்லை என்று சொன்னது போல. பிறகு கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார். எதிரே ஏறி வந்தவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துக் கல்சுவர் ஓரமாகப் போய்த் தூறலில் நின்றார்.

"போயாச்சு," என்றான் கிரெய்க், அக்காவின் காதருகே. "நீ கவலப்படாத."

அக்காவுக்காகத்தான் அவன் அதைச் செய்தான். ஜனீன் தாள்களை மறுபடியும் அடுக்கினாள்.

*

ஜனீனின் அப்பா லெஸ் ஹாரப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய சிநேகிதர் நார்மன் தபால்காரராக இருந்தவர். இருவரும் ஒரே வருஷம் வேலையை விட்டார்கள், ஒரே மாதம் கார்ப் பைத்தியம் பிடித்தது என்பாள் பெரில். பெட்டி பெட்டியாக உதிரிபாகம் தருவித்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கார் அது. கூரை கிடையாது, கதவு கிடையாது, தரையோடு தரையாக உட்கார வேண்டும். ஆளுக்கொன்று வாங்கினார்கள். நார்மன் வீட்டுப் பின்னால் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்த பழைய கொட்டகையைக் காலி செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கட்டினார்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷர் குளிரில் தகரக் கொட்டகைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக.

"உன் காரு ரோட்டுக்கு வர்றப்ப, ரோடு இருக்காதுடா நார்மன்."

"உன் காரு வந்தா, ரோடே ஓடிப்போயிடும்."

லெஸ்ஸின் கார்தான் முதலில் முடிந்தது. போன வருஷம் அரசாங்கச் சோதனையில் தேறி, எண்பலகை வாங்கி, பெரிலைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றினார். பெரிலின் தொப்பி காற்றில் பறந்து பன்றிப் பண்ணைக்குள் விழுந்தது. நார்மனுடையது இன்னும் கொட்டகையில்தான் இருந்தது. அவர் எதையும் இரண்டு முறை செய்கிறவர்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, லெஸ் இதே மாதிரி கார் கட்டிய மற்ற கார்க்காரர்களைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினார். ஊரைத் தாண்டியதும் சாலை இடது பக்கம் வளைகிறது. கார் வளையவில்லை. நேராகப் போய், புல்மேட்டில் ஏறி இறங்கி, பீட்ரூட் வயலுக்குள் உழுதுகொண்டு போய் நின்றது. டிராக்டரில் வந்தவன் பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். லெஸ் பெல்ட்டோடு உட்கார்ந்தபடியே இறந்திருந்தாராம், உடம்பில் பெரிதாக ஒரு காயமும் இல்லாமல்.

நாட்டிங்ஹாமிலிருந்து ஜனீன் வந்து சேர்ந்தபோது ஒரு போலீஸ்காரர் அம்மாவின் சமையலறையில் டீ குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "பிரேக் போட்ட தடம் இல்லைங்க," என்றார். "திருப்பப் பாத்த தடமும் இல்ல. வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கோம், பிரிச்சுப் பாப்பாங்க."

"திருப்ப முடியலன்னா ஸ்டீயரிங் போயிருக்கு," என்றான் கிரெய்க்.

அப்போதுதான் ஜனீன் அதைச் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "போன மாசம் நான் வந்திருந்தப்ப அதத்தான் மாத்திட்டிருந்தாங்க. சக்கரத்தத் திருப்புற தண்டோட முனை. நார்மன்தான் கீழ படுத்து மாட்டினார். அப்பா இன்னும் முடுக்கணுமான்னு கேட்டார். 'போதும், போதும்'னார் நார்மன். என் காதால கேட்டேன்."

கேட்டது உண்மைதான். 'போதும், இதுக்கு மேல முடுக்கினா மரையே போயிடும்' என்றுதான் நார்மன் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லவில்லை.

கிரெய்க் அன்றைக்கே கொட்டகைக்குப் போய்க் கத்திவிட்டு வந்தான். நார்மன் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "பாத்துத்தான் மாட்டினேன் கிரெய்க். ரெண்டு தடவ பாத்தேன்." அந்தப் பதிலையும் அவன் மதுக்கடையில் போய்ச் சொல்லிச் சிரித்தான், சிரிப்பு வராமல். வாரம் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கோடைக் கண்காட்சிக்கு வர வேண்டாம் என்று கார்க்காரர்கள் நார்மனுக்குச் சொல்லியனுப்பினார்கள். நார்மன் ஆட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' பலகாரம் ஒன்று செய்து பெரில் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். பெரில் அதைக் குப்பையில் வழித்துக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கொண்டுபோய் அவர் வீட்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

*

முதல் பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிரெய்க் எழுந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அப்பாவைப் பற்றிப் பேச அவன்தான் ஒத்துக்கொண்டிருந்தான். பனிக்காலத்தில் பஸ் ஏறப் பிள்ளைகள் நனையக் கூடாது என்று ஒவ்வொரு வாசலுக்கும் போய் நிறுத்தியது, பன்றிப் பண்ணையில் விழுந்த தொப்பி, எல்லாம் சொன்னான். ஜனங்கள் சிரித்தார்கள், மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு தாளை மடித்துவிட்டான்.

"எங்கப்பா ஒரு நட்ட முடுக்கினா அது முடுக்கினதுதான்," என்றான். "எல்லாரும் அப்படி இல்ல. அவ்வளவுதான் சொல்வேன்."

சில தலைகள் சன்னல் பக்கம் திரும்பின. கண்ணாடிக்கு அப்பால், சுவரோரத்தில், ஒரு கறுப்பு உருவம் தூறலில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வரிசை தள்ளி யாரோ 'சரியாச் சொன்னான்' என்று முணுமுணுத்தார்கள்.

எழுந்து நின்றால் போதும் என்று ஜனீனுக்குத் தெரிந்தது. எழுந்து, 'கிரெய்க், நிறுத்து' என்றால் போதும். கால்கள் இருந்தன, வாய் இருந்தது. அவள் அம்மாவின் கையுறையைச் சரிசெய்தாள்.

நேற்று மத்தியானம் அம்மா பூக்காரியிடம் போயிருந்தாள். ஜனீன் கிரெய்க்கின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. மரண விசாரணை அலுவலகத்திலிருந்து ஒரு பெண். மெதுவான குரல்.

"உங்கப்பா கஷ்டப்படலைங்க. இதயம்தான். வண்டி ரோட்ட விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்னு டாக்டர் எழுதியிருக்கார்."

"ஸ்டீயரிங்?" என்றாள் ஜனீன்.

"அதையும் பிரிச்சுப் பாத்தாங்க. ஒரு குறையும் இல்ல. ரொம்ப நேர்த்தியா மாட்டியிருக்குன்னுகூட ஒரு வரி சேத்திருக்காங்க. சாதாரணமா அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "கடைசி சில நாள்ல நெஞ்சு வலி, தாடை வலி, கை மரத்துப்போறது, அந்த மாதிரி ஏதாவது உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல," என்றாள் ஜனீன்.

அவர் சொல்லியிருந்தார். சாவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் வேலை செய்யும் பல் மருத்துவமனைக்கே போன் செய்தார். "ஜனீன், தாடை குடையுது கண்ணு. இடது பக்கம். கைகூட ஒரு மாதிரி மரத்துப்போகுது. பல்லா இருக்குமா? நீதான் பல் டாக்டர் கூட இருக்கியே." மேசைக்கு எதிரே நாலு பேர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. "பல்லாத்தான் இருக்கும்பா. மாத்திர போட்டுக்குங்க. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்," என்று வைத்துவிட்டாள். அவர் 'சரி கண்ணு, நீ வேலையப் பாரு' என்றது பாதிதான் காதில் விழுந்தது.

ஸ்டீயரிங் போயிருக்கு என்று கிரெய்க் சொன்னதும் அவளுக்கு உண்டான நிம்மதியை அவள் மறக்கவில்லை. ஸ்டீயரிங். ஸ்டீயரிங்காக இருக்கட்டும், தாடை வலியாக இல்லாமல். அந்த நிம்மதி வாயைத் திறந்துவிட்டது.

நேற்று போனை வைத்த பிறகு, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் சட்டைக்காலர் கருகும் வாசனை வந்தது. அம்மா வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். அம்மா அழுதுகொண்டே வந்தாள். இரவுச் சாப்பாட்டில் சொல்லலாம் என்று நினைத்தாள். கிரெய்க் தன் பிள்ளைகளோடு வந்திருந்தான். அடக்கம் முடியட்டும், அப்புறம், என்று வைத்துக்கொண்டாள். கதவுக்குக் குறுக்கே ஒரு கை நீளும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நினைத்திருக்கவில்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை.

*

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது மழை வலுத்தது. போதகர் வேகமாகப் படித்தார். ஜனீன் ஒரு பிடி மண்ணைப் போட்டாள், அது மண்ணாக இல்லாமல் சேறாக விழுந்தது. வேலிக்கு வெளியே, சாலையில், நார்மன் நின்றார். எல்லோரும் தலைகுனிந்தபோது அவரும் குனிந்தார். எல்லோரும் திரும்பி நடந்தபோது அவர் அங்கே இல்லை.

ஆலயத்துக்குப் பின்கட்டில் டீயும் பன்றித்தொடை சாண்ட்விச்சும் வைத்திருந்தார்கள். ஈரக் கோட்டுகளின் வாசனை. துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சாக மாறிக்கொண்டிருந்தது. பெரில் உட்காரச் சொன்னாலும் உட்காராமல் சமையலறையில் நின்று டீப்பாத்திரங்களை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தாள். ஜனீன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா. ஸ்டீயரிங் இல்ல."

"என்னது?"

"அப்பாவோட கார்ல ஸ்டீயரிங் ஒண்ணும் ஆகல. ஹார்ட் அட்டாக். ஓட்டிட்டு இருக்கும்போதே. விசாரணை ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாங்க."

பெரில் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "இப்பவா பண்ணாங்க?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

"நீ பூவுக்குப் போயிருந்தப்ப."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அடிப்பாள் என்று ஜனீன் நினைத்தாள். அடித்திருந்தால் தேவலாம். அம்மா குழாயை மூடினாள், கையைத் துடைத்தாள், துடைத்த துணியை மடித்தாள்.

"நான் அந்தப் பாத்திரத்தக் கழுவக்கூட இல்ல," என்றாள்.

"எந்தப் பாத்திரம்மா?"

"நார்மனோட பை பாத்திரம். கழுவாம, கறியோட ஒட்டிக்கிட்டு இருந்தத, அப்படியே கொண்டுபோய் வச்சுட்டு வந்தேன். அந்த ஆளு பொண்டாட்டி செத்தப்ப நான் மூணு வாரம் சமைச்சு அனுப்பினேன், ஒவ்வொரு பாத்திரமும் கண்ணாடி மாதிரி திரும்பி வந்துச்சு." அவள் குரல் உடைந்தது. பிறகு உடனே இறுகியது. "கிரெய்க் கதவ மறிச்சப்ப நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்ன."

"ஆமா."

"தெரிஞ்சே நின்ன."

"ஆமாம்மா."

"கிரெய்க்கிட்ட போய்ச் சொல்லு. மூலைக்குக் கூப்பிட்டுப் போய்ச் சொல்லாத. நீ எப்படிச் சொன்னியோ அப்படியே நாலு பேர் முன்னாடி சொல்லு."

கிரெய்க் டீ அண்டாவுக்குப் பக்கத்தில் கையில் தட்டோடு நின்றான். அப்பாவோடு பஸ் ஓட்டிய இரண்டு பேர் அவன் தோளைத் தட்டி, நல்லாப் பேசினே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜனீன் அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. "ஸ்டீயரிங் நல்லாத்தான் இருந்துச்சு. பிரிச்சுப் பாத்துட்டாங்க. அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். நார்மன் மேல ஒரு தப்பும் இல்ல."

"யார் சொன்னது?"

"ஆபீஸ்ல இருந்து. நேத்து."

கிரெய்க் தட்டை மேசையில் வைத்தான். வைத்த விதத்தில் சாண்ட்விச் சரிந்து விழுந்தது. "நேத்தா?" என்றான். "நான் அங்க கையக் குறுக்க நீட்டிக்கிட்டு நின்னேனே. அப்ப உனக்குத் தெரியுமா?"

அவள் சரிந்த சாண்ட்விச்சை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"நான் அப்பா பெட்டிக்குப் பக்கத்துல நின்னு பேசினப்ப?"

"தெரியும்."

எங்கோ ஒரு கரண்டி கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தது, அது நின்றது. தட்டிக்கொடுத்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். சன்னலைத் திரும்பிப் பார்த்த தலைகளும் அங்கேதான் இருந்தன, அவையும் குனிந்துகொண்டன. கிரெய்க்கின் முகம் கழுத்துவரை சிவந்தது. சின்ன வயதில் பொய்க்கு மாட்டிக்கொள்ளும்போது அவனுக்கு இப்படித்தான் சிவக்கும். இன்றைக்கு அவன் பொய் சொல்லவில்லை.

"என்னைத்தானே நீ நாய் மாதிரி வாசல்ல கட்டி வச்ச," என்றான் மெதுவாக. கோட்டை எடுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டான்.

பெரில் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நீ மொதல்ல போ," என்றாள் மகளிடம். "நாங்க எல்லாரும் கூட்டமாப் போனா அந்த மனுஷன் பயந்துக்குவான். நான் சாயந்தரமா வர்றேன்."

*

கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒற்றை விளக்கு. கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்க, நார்மன் சாவுக்குப் போட்ட கால்சட்டை மேலேயே எண்ணெய் மேலங்கியை மாட்டிக்கொண்டு, கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கார் தாங்கிகள் மேல் நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் இல்லை. கீழே விரித்த செய்தித்தாளில் தண்டுகளும் முனைகளும் நட்டுகளும் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் லெஸ்ஸின் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"வா," என்றார், எழுந்திருக்காமல். "காலப் பாத்து வை, கண்ணு."

"என்ன பண்றீங்க?"

"எல்லாத்தையும் கழட்டிப் பாக்கறேன்." கையிலிருந்த முனையை விளக்குக்கு நேராகத் தூக்கி, அதன் உருண்டையை விரலால் அசைத்தார். "ஒரே பெட்டில வந்தது. அவனுக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி. அவனோடதுல கோளாறுன்னா என்னோடதுலயும் இருக்கணும். இல்ல, நான் மாட்டினதுல கோளாறுன்னா, நான் எப்படி மாட்டறேன்னு இதுல தெரியும்." முனையைச் செய்தித்தாளில் வைத்தார். "அன்னிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் கிடைக்கல. கிடைச்சிட்டாத் தேவலாம்னு இருக்கு. இதுதான்னு தெரிஞ்சா அதோட உக்காந்துக்கலாம்."

அவர் கண்கள் குழி விழுந்திருந்தன. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று ஜனீன் தீர்மானித்தாள்.

"ஒண்ணும் கிடைக்காது நார்மன். அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ரோட்ட விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். வண்டியப் பிரிச்சுப் பாத்தாங்க."

மழை தகரத்தில் கொட்டியது.

"நட்டு?" என்றார் நார்மன்.

"போட்டபடியே இருந்துச்சாம்."

"பின்னு?"

"அதுவும். ரொம்ப நேர்த்தியா மாட்டியிருக்குன்னு எழுதியிருக்காங்களாம்."

அவர் இரண்டு கைகளையும் முட்டியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. அழுகிறார் என்று நினைத்தாள், அழவில்லை. மேலங்கிப் பையிலிருந்து துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"எப்பச் சொன்னாங்க?"

இப்போதுதான் என்று சொல்லலாம். வழியில் வரும்போது என்று சொல்லலாம். அந்த வார்த்தை தயாராக நாக்கில் இருந்தது.

"நேத்து மத்தியானம்."

நார்மன் தலையை ஆட்டினார். ஆலயப் படியில் ஆட்டிய அதே ஆட்டல். "சரி," என்றார்.

"நான் அன்னிக்கு நடந்தது பூரா சொல்லல," என்றாள் அவள். "நீங்க போதும்னு சொன்னத மட்டும் சொன்னேன். அப்புறம் நடந்தத சொல்லல."

அன்றைக்கு அவள் இதே மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நட்டின் தலையில் பல் பல்லாக வெட்டு இருக்கும். ஒரு வெட்டும் தண்டின் துளையும் ஒன்றாக வரும்போது, அதன் வழியே பின்னைச் செருகி மடக்கினால்தான் நட்டு கழன்று வராது. அன்று முடுக்கி முடித்த பிறகு துளை மயிரிழை தள்ளி நின்றது. 'கொஞ்சம் தளர்த்துடா, பின்னு உள்ள போயிடும்' என்றார் லெஸ். 'தளர்த்தறதா? ஜனீன் இதுல உக்காரப் போறா, முட்டாளே' என்று நார்மன் கீழே படுத்தபடியே திட்டினார். நட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, டப்பாவைக் கவிழ்த்து, வேறு வேறு நட்டாக மாட்டிப் பார்த்தார். முடுக்கமும் துளையும் ஒன்றாக வரும்வரை விடவில்லை. டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. லெஸ் சலித்துப்போய் வெளியே போய்விட்டார். அவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றார் நார்மன். "டீ ஆறிப்போச்சு அன்னிக்கு."

அப்புறம் அவர், என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டார். சொன்னாள். பெட்டியை யார் தூக்கினார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னாள். முன்னால் இடது பக்கம் கிரெய்க், வலது பக்கம் அவளுடைய கணவன். "அங்க நான் நின்னிருப்பேன்," என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில்.

பிறகு அவர் எழுந்தார். முட்டி சொடுக்கியது. "இதத் திரும்ப மாட்டணும். கழட்டினது எத்தன தடவயோ, மாட்டறது ஒரு தடவயாவது ஒழுங்கா இருக்கணும். நேரம் இருந்தா உக்காந்து சக்கரத்தப் பிடி. ஒத்த ஆளா முடியல."

ஜனீன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காரின் ஓரத்தைத் தாண்டி உள்ளே இறங்கினாள். இருக்கை தரையோடு இருந்தது. கறுப்புப் பாவாடை முட்டிக்கு மேல் ஏறியது. ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நார்மன் முன்பக்கம் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, உள்ளே நகர்ந்தார். இப்போது அவருடைய கறுப்புச் சப்பாத்துகள் மட்டும்தான் தெரிந்தன. அவற்றில் கல்லறைத் தோட்டத்து வேலியோரச் சேறு காய்ந்திருந்தது.

கீழேயிருந்து நட்டு முடுக்கும் சாவி கொறிக்கும் சத்தம் வந்தது.

"கல்லுளிமங்கன்," என்றார் நார்மன் அடியிலிருந்து. "நெஞ்சு வலின்னு ஒரு வார்த்த சொல்லல எங்கிட்ட. தினம் பாக்கறேன். ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருந்தான்னா, கழுத்தப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன். சொல்ற ஜாதியே இல்ல அவன். இடது பக்கம் திருப்பு."

அவள் இடது பக்கம் திருப்பினாள்.

"இன்னும் கொஞ்சம். அங்கயே நிறுத்து."

நிறுத்தினாள். ஸ்டீயரிங் அசையக் கூடாது என்று இறுக்கிப் பிடித்தாள்.

"எங்கிட்ட சொன்னார்," என்றாள்.

சாவி நின்றது.

"ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணார். தாடை வலிக்குது, கை மரத்துப்போகுதுன்னார். பல்லாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன். ஆள் காத்துக்கிட்டு இருந்தாங்க. வச்சுட்டேன்."

சப்பாத்துகள் அசையவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்து, கூரையின் ஓட்டை வழியே ஒரு வாளியில் சொட்டுச் சொட்டாக விழுவது கேட்டது. தெருவில் ஒரு வண்டி மெதுவாக வந்து, கடந்து போனது.

சாவி மறுபடியும் ஒருமுறை கொறித்தது. இன்னொரு முறை. பிறகு நார்மனின் குரல் வந்தது.

"வலது பக்கம் திருப்பு, கண்ணு. முழுசா."

ஜனீன் திருப்பினாள். காரின் முன்னால், டயர் இல்லாத வெறும் இரும்பு வட்டு அவள் கைக்கு இணங்கி மெல்லத் திரும்பி, கடைசிவரை போய், ஆட்டமில்லாமல் நின்றது.